லாரன்ஸ் ஊரில் கன்சாஸ் ரசிகராக வளர்வது எப்படி

கன்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் சின்ன ஊர்தான். ஆனால் நவம்பர் பிறந்தால் மார்ச் முடியும்வரை அங்கே கன்சாஸ் பல்கலைக்கழக பாஸ்கெட்பால்தான் பேச்சு. இந்த விளையாட்டை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1898-ல் அங்கே வந்து, அணியின் முதல் கோச் ஆனார். வெற்றி 55, தோல்வி 60. வெற்றியைவிடத் தோல்வி கூடுதலாக உள்ள கன்சாஸ் கோச் இன்றுவரை அவர் ஒருவர்தான். அவரிடம் பயின்ற ஃபாக் ஆலன் பேரில் 1955 மார்ச் 1 அன்று திறந்த அரங்கம் ஆலன் ஃபீல்ட்ஹவுஸ்.

ஏழெட்டு வயதுப் பிள்ளையை முதல் முறை கூட்டிப் போகிறவர்கள் ஜனவரி, பிப்ரவரியின் பெரிய ஆட்டங்களைத் தேடாதீர்கள். நவம்பரில் சின்னக் கல்லூரிகளோடு நடக்கும் ஆட்டமே போதும். டிக்கெட் கிடைப்பது எளிது, பிள்ளைக்கும் நெருக்கடி இல்லை. அக்டோபரில் நடக்கும் 'லேட் நைட்' கொண்டாட்டம் அழகுதான், ஆனால் அது ஆட்டக்காரர்களை அறிமுகப்படுத்தும் விழா. ஆட்டம் கற்க அதை நம்ப வேண்டாம்.

காதுக்குக் கட்டாயம் பாதுகாப்பு வேண்டும். 2017 பிப்ரவரி 13 அன்று வெஸ்ட் வர்ஜீனியாவோடு நடந்த ஆட்டத்தில் இந்த அரங்கத்தின் சத்தம் 130.4 டெசிபல் என்று அளந்தார்கள். காதுக்குள் திருகி வைக்கும் பஞ்சு பெரியவர்களுக்குச் சரி. சின்னக் காதில் அது நிற்காது, பாதி ஆட்டத்தில் கீழே விழுந்துவிடும். தலைக்கு மேல் வளைந்து காதை முழுதாக மூடும் வகையை வாங்குங்கள். வீட்டிலேயே ஒரு மணி நேரம் போட்டுப் பழக்கிவிட்டால் அரங்கத்தில் கழற்றி எறிய மாட்டார்கள். வெளியே உறைபனி, உள்ளே 15,000-க்கும் மேற்பட்டவர்கள் மூச்சுவிடும் வெக்கை. ஒரே தடித்த கோட்டுக்குப் பதில் இரண்டு மூன்று மெல்லிய உடைகள் நல்லது.

ஆட்டத்துக்கு முன்பே போய், பக்கத்துக் கட்டடமான டெப்ரூஸ் மையத்தில் நெய்ஸ்மித்தின் மூல விதிகளைக் காட்டிவிடுங்கள். தட்டச்சு செய்த இரண்டு தாள், 13 விதிகள். 2010-ல் டேவிட் பூத் 43 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்த தாள்கள் இவை. மூன்றாம் விதியை மட்டும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள்: பந்தோடு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடும் 'டிரிபிள்' பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் கிடையாது. 'அப்போ டிரிபிள் எப்படி வந்துச்சு?' என்று பிள்ளை கேட்டுவிட்டால், அன்றைய டிக்கெட் காசு வீண்போகவில்லை.

கோஷம்: 'ராக் சாக், ஜேஹாக், கே.யூ.' ஜேஹாக் என்பது அணியின் பேர், கே.யூ. பல்கலைக்கழகத்தின் சுருக்கம். மெதுவாக, இழுத்து இரண்டு முறை. பிறகு வேகமாக மூன்று முறை. ஆட்டம் முடியும் தறுவாயில் மெதுவான பகுதியை எடுப்பது, வெற்றி கையில் வந்துவிட்டது என்பதற்கான அறிவிப்பு. ஆறு பாயின்ட் முன்னிலையில் இரண்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது யாரும் தொடங்கக் கூடாது. பிள்ளைகள் ஆர்வத்தில் தொடங்குவார்கள், அப்போதே சொல்லித் திருத்துங்கள்.

*

மேலே சொன்னதெல்லாம் அரங்கத்துக்கு. ஆனால் ரசிகர் வளர்வது வீட்டில்தான், அதுவும் ரேடியோவில். மேக்ஸ் ஃபால்கன்ஸ்டீன் 1946 முதல் 2006 வரை 60 ஆண்டு இந்த அணியின் ஆட்டங்களை வர்ணித்தார். அதற்காகவே 60 என்ற எண் அரங்கத்தில் தொங்குகிறது. குரலை மட்டும் கேட்டு, பாயின்ட் குறிக்கும் நோட்டான ஸ்கோர்புக் எழுதும் பிள்ளைக்கு ஆட்டம் மனதில் படமாக விரியும்.

எழுதும் முறை இது. ஒரு பக்கம் ஒரு அணிக்கு. பென்சில் மட்டும், பேனா வேண்டாம். இரண்டு பாயின்ட் விழுந்தால் ஆட்டக்காரர் வரிசையில் 2, தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து விழுந்தால் 3. ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகத் தடையின்றி எறியும் ஒரு பாயின்ட் எறி) கிடைத்தவுடன் வெறும் வட்டம். விழுந்தால் வட்டத்தை நிரப்புங்கள், தவறினால் அப்படியே விடுங்கள். ஆட்டக்காரர் செய்யும் ஃபவுலுக்கு (விதி மீறி இடிப்பது, பிடிப்பது) 1 முதல் 5 வரை அடித்துக்கொண்டே வாருங்கள், ஐந்தானால் அவர் வெளியே. பக்கத்தின் அடியில் 1 முதல் 100 வரை வரிசையாக எழுதி, பாயின்ட் ஏற ஏறச் சாய்கோடு போடுங்கள்.

ஒவ்வொரு பாதியிலும் கடிகாரம் 16, 12, 8, 4 நிமிடத்துக்குக் கீழே இறங்கியபின் ஆட்டம் முதலில் நிற்கும்போது விளம்பர இடைவேளை வரும். அந்த நேரத்தில் ஆட்டக்காரர்களின் பாயின்ட்டைக் கூட்டி, அடியில் உள்ள சாய்கோட்டோடு ஒப்பிடுங்கள். ஒத்துவரவில்லையா? பெரும்பாலும் காரணம் இரண்டுதான். கால் விரல் தூரத்துக் கோட்டில் பட்டதால் நடுவர் வீடியோ பார்த்து 3-ஐ 2 ஆக மாற்றியிருப்பார். இல்லையென்றால் ஒரு வட்டம் நிரப்பாமல் விட்டுப்போயிருக்கும். இடைவேளைக்கு இடைவேளை சரிபார்த்தால் பிழை நாலு நிமிடத்துக்குள்தான் இருக்கும். ஆட்டம் முடிந்தபின் தேடினால் கிடைக்காது.

அணியின் மொத்த ஃபவுலைத் தனியாக எண்ணுங்கள். ஒரு பாதியில் 7, 8, 9-ஆவது ஃபவுலுக்கு எதிரணிக்கு 'ஒன் அண்ட் ஒன்': முதல் எறி விழுந்தால்தான் இரண்டாவது. பத்திலிருந்து இரண்டு எறியும் உறுதி. பந்து வைத்திருக்கும் அணி செய்யும் ஃபவுலும் இந்தக் கணக்கில் சேரும், ஆனால் அதற்கு ஃப்ரீ த்ரோ கிடையாது. பிள்ளைகள் அதிகம் குழம்புவது இங்கேதான். பாதி முடிந்தால் எண்ணிக்கை பூஜ்ஜியம். ஆட்டம் சமனானால் வரும் கூடுதல் நேரமான ஓவர்டைமில் பூஜ்ஜியம் ஆகாது, இரண்டாம் பாதியின் எண்ணிக்கை அப்படியே தொடரும்.

டி.வி.யை ஊமையாக்கி ரேடியோ கேட்பவர்கள் கவனிக்க: இன்டர்நெட் வழியாக வரும் படம் ரேடியோவுக்குப் பின்தங்கி வரும், சில சமயம் அரை நிமிடம்கூட. பந்து கூடையில் விழுந்ததைக் காது கேட்டபின்தான், கண்ணில் அது கையை விட்டுக் கிளம்பும். எழுதுகிற நாளில் படத்தை அணைத்துவிடுங்கள்.

*

பன்னிரண்டு வயதானால் தவறிய ஷாட், ரீபவுண்ட், டர்னோவரையும் அந்த ஸ்கோர்புக்கில் குறிக்கச் சொல்லி, அதிலிருந்தே பொசெஷன் (அணியின் கைக்குப் பந்து வந்த முறை) கணக்கு போட வைக்கலாம். மொத்த ஷாட்டிலிருந்து, தன் அணி தவறவிட்டுத் தானே எடுத்த ரீபவுண்டைக் கழிக்க வேண்டும். டர்னோவரை, அதாவது ஷாட் போடாமலே பந்தை இழந்ததை, கூட்ட வேண்டும். ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.475-ஆல் பெருக்கி அதையும் கூட்ட வேண்டும். 60 ஷாட், 10 ரீபவுண்ட், 12 டர்னோவர், 20 ஃப்ரீ த்ரோ என்றால் 60 - 10 + 12 + 9.5 = 71.5. அந்த அணி 78 பாயின்ட் எடுத்திருந்தால் 100 பொசெஷனுக்கு 109. வெறும் பாயின்ட்டைப் பார்த்து 'இந்த அணி நல்லா அடிக்குது' என்று சொல்வது ஏமாற்றும். வேகமாக ஓடும் அணிக்கு வாய்ப்பே அதிகம், அதனால் பாயின்ட்டும் அதிகம்.

*

ஒன் அண்ட் ஒன் பற்றி ஒரு கணக்கு சேர்க்கிறேன். ஃப்ரீ த்ரோவில் 60 சதவீதம் போடுகிறவருக்கு இரண்டு எறி என்றால் சராசரி 1.2 பாயின்ட். ஒன் அண்ட் ஒன்னில் 0.96-தான். கடைசி இரண்டு நிமிடத்தில் பின்தங்கிய அணி வேண்டுமென்றே யாரை ஃபவுல் செய்கிறது என்று பார்க்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள்.

இதற்கு 2008 தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டத்தைவிட நல்ல பாடம் இல்லை. 2 நிமிடம் 12 வினாடி மிச்சம், மெம்ஃபிஸ் 60, கன்சாஸ் 51. கடைசி 75 வினாடியில் மெம்ஃபிஸ் ஐந்து ஃப்ரீ த்ரோவில் நாலைத் தவறவிட்டது. 10.8 வினாடி இருக்கும்போது மெம்ஃபிஸின் டெரிக் ரோஸ் இரண்டில் ஒன்று போட, 63-60. கன்சாஸின் ஷெரன் காலின்ஸ் பந்தைக் கொண்டுவந்து, தடுமாறிக்கொண்டே மாரியோ சால்மர்ஸ் கையில் கொடுத்தார். 2.1 வினாடி மிச்சமிருக்கும்போது மூன்று பாயின்ட், ஆட்டம் சமன். ஓவர்டைமில் கன்சாஸ் 75-68 என்று வென்றது.

முதல் முறை காட்டும்போது பந்தைப் பார்க்கட்டும். இரண்டாம் முறை மெம்ஃபிஸ் ஆட்டக்காரர்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பாயின்ட் முன்னிலையில் இருக்கும் அணி எதிராளியைப் பிடித்து நிறுத்தினால் அவருக்கு ஃப்ரீ த்ரோதான், சமன்செய்யும் த்ரீ வராது. காலின்ஸ் தடுமாறிய அந்த நொடியில் ஃபவுல் செய்ய முயன்றும் விசில் வரவில்லை. பிள்ளை அதைத் தானாகக் கண்டுபிடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

*

மார்ச்சில் நடக்கும் தேசியக் கல்லூரிப் போட்டியில் யார் வெல்வார் என்று முன்கூட்டியே ஊகித்து பிராக்கெட் என்ற அட்டவணையை நிரப்புகிறவர்கள் முதல் சுற்றின் அதிர்ச்சித் தோல்விகளைத் தேடுவதில் நேரத்தைப் போடுகிறார்கள். பல குழுக்களில் சுற்றுக்கு 1, 2, 4, 8, 16, 32 என்று மதிப்பெண் ஏறும். அப்படியானால் முதல் சுற்றின் 32 ஆட்டத்தையும் சரியாகச் சொன்னால் கிடைப்பதும், சாம்பியனைச் சரியாகச் சொன்னால் இறுதி ஆட்டத்துக்கு மட்டும் கிடைப்பதும் ஒன்றே. சாம்பியனை முதலில் எழுதிப் பின்னோக்கி வாருங்கள். போட்டியின் தரவரிசையில் 16-ஆம் இடத்து அணி முதல் இடத்து அணியை வென்றது 1985 முதல் 2025 வரை இரண்டே முறை: 2018-ல் வர்ஜீனியா தோற்றது, 2023-ல் பர்டூ.

கன்சாஸ் பிள்ளைக்கு இன்னொன்றும் சொல்லி வளர்க்க வேண்டும். 2005-ல் பக்னெல், 2006-ல் பிராட்லி, 2010-ல் நார்தர்ன் அயோவா, 2011-ல் வி.சி.யூ. இந்த நாலும் அந்த மார்ச் போட்டியில் பெரிய அணியான கன்சாஸ் சின்ன அணியிடம் கண்ட தோல்விகள். மனம் உடையத்தான் செய்யும், தடுக்க முடியாது. அன்றிரவு பேசாதீர்கள். மறுநாள் ஸ்கோர்புக்கைத் திறந்து தூரத்து ஷாட், டர்னோவர் இரண்டை மட்டும் எண்ணுங்கள்.

*

அரங்கத்தில் காகிதம் கிழிப்பதை இன்னும் சொல்லவில்லையே! எதிரணியை அறிமுகம் செய்யும்போது மாணவர்கள் செய்தித்தாளை முகத்துக்கு நேராக விரித்துப் படிப்பார்கள், கன்சாஸ் பெயர்கள் வரும்போது துண்டுகளை மேலே எறிவார்கள். வழவழப்பான விளம்பரத் தாள் பறக்காது, கனத்தில் நேராக விழும். செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகும். அதனால் முதலில் நெடுக்கில் பட்டை பட்டையாகக் கிழித்து, நாலைந்தை அடுக்கி, பிறகு குறுக்கே கட்டைவிரல் அகலத்துக்குக் கிழியுங்கள். பிள்ளைக்கு இரண்டு கைப்பிடி போதும். எறியும்போது முன்னால் வீசாமல் நேர்மேலே விடச் சொல்லுங்கள், முன்வரிசையில் இருப்பவர் கழுத்துக்குள் போகாது.