குதிச்சாதான் ஒண்ணு: ஓடியாடிப் பாடம் நடத்திய அனுபவங்கள்

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு ஆசிரியை, ஈராசிரியர் பள்ளி, தருமபுரி மாவட்டம்

எங்கள் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். நான்கும் ஐந்தும் தலைமை ஆசிரியரிடம். ஒன்று, இரண்டு, மூன்று என்னிடம், ஒரே அறையில், 23 பிள்ளைகள். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பிரித்து நடத்துகிறோம். பயிற்சியிலேயே ஆடல் பாடல் எல்லாம் சொல்லித் தந்தார்கள், அதனால் விளையாட்டு எனக்குப் புதிதில்லை. ஆனால் ரொம்ப நாள் அதை மிட்டாய் மாதிரிதான் கொடுத்துக்கொண்டிருந்தேன். கணக்கை முடித்தால் விளையாட விடுவேன். சத்துணவு சாப்பிட்டு வந்து கண் சொக்கும்போது எழுப்பி ஆட விடுவேன். ஐந்து நிமிடம் முகம் தெளிவாக இருக்கும், அப்புறம் பழையபடி ஆகிவிடும்.

போன வருடம் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். கழித்தல் போட்டால் விடை எப்போதும் தப்பு. 13-இல் 5 போனால் 9 என்பான். குச்சி வைத்துச் சொல்லிக் கொடுத்தேன், விரல் விட்டு எண்ணச் சொன்னேன். அன்றைக்குச் சரியாகப் போடுவான், மறுநாள் திரும்பவும் 9. கவனம் இல்லை என்று நினைத்தேன், ஒரு நாள் கடிந்துகொள்ளவும் செய்தேன்.

ஒரு மதியம் தாழ்வாரத்தில் சாக்பீஸால் 0 முதல் 20 வரை கட்டம் போட்டேன். பாண்டி ஆட்டம் மாதிரி, ஆனால் ஒரே நேர்வரிசை. 13-இல் நின்று ஐந்து தடவை பின்னால் குதிக்க வேண்டும். அவன் முறை வந்தது. 13-இல் இரண்டு காலையும் ஊன்றி நின்றான். குதிப்பதற்கு முன்னாலேயே "ஒண்ணு" என்றான். அப்புறம் 12-க்குக் குதித்து "ரெண்டு". 11-இல் மூணு, 10-இல் நாலு, 9-இல் அஞ்சு. நின்றுவிட்டுச் சிரித்தபடி என்னைப் பார்த்தான்.

இத்தனை மாதம் எனக்குத் தெரியாமல் இருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. நிற்கிற கட்டத்தையும் சேர்த்து எண்ணுகிறான். வீட்டுக்குப் போய் அவன் நோட்டை முழுதும் புரட்டினேன். கழித்தலில் எல்லாம் ஒன்று கூடுதல், கூட்டலில் எல்லாம் ஒன்று குறைவு. 7-உம் 4-உம் 10 என்று எழுதியிருக்கிறான். அவன் செய்ததில் ஒரு ஒழுங்கு இருந்திருக்கிறது, நான்தான் கவனக்குறைவு என்று பெயர் வைத்திருக்கிறேன்.

மறுநாள் "நிக்கிறது கணக்கில்ல, குதிச்சாதான் ஒண்ணு" என்றேன். 13-இல் வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றான், 12-இல் கால் பட்ட பிறகுதான் "ஒண்ணு" என்றான். 8-இல் வந்து நின்றதும் குனிந்து அந்த எட்டைக் கையால் தொட்டுப் பார்த்தான்.

அதிலிருந்து விளையாட்டைப் பாடத்துக்குப் பிறகு வைப்பதை விட்டுவிட்டேன். குழந்தை செய்கிற அசைவே கணக்கின் விடையாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறேன். உங்கள் வகுப்பில் நடந்ததையும் எழுதுங்கள், சரியாக வராமல் போனதையும் சேர்த்து.

முதல் வகுப்பு ஆசிரியை, நாகப்பட்டினம் பக்கம்

டீச்சர், அசைவே விடை என்று நீங்கள் எழுதியது எனக்குத் தமிழ் வகுப்பில் நடந்தது. கொம்பு எழுத்துகள் வந்தாலே என் பிள்ளைகள் தடுமாறுவார்கள். காரணம் நியாயமானது. வாயில் "க்" முதலில் வருகிறது, கையில் கொம்பு முதலில் வருகிறது. காதில் விழுந்த வரிசையில் எழுதினால் க-வுக்குப் பிறகு கொம்பைப் போடத்தான் தோன்றும்.

காலண்டர் அட்டையை வெட்டி க, ச, த, ப, ம என்று எழுதி ஐந்து பேர் கழுத்தில் மாட்டினேன். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் மூன்றையும் வேறு மூன்று பேருக்குக் கொடுத்தேன். நான் "கெ" என்று சொன்னால் ஒற்றைக்கொம்பு ஓடிப்போய்க் க-வுக்கு முன்னால் நிற்க வேண்டும். "கா" என்றால் துணைக்கால் பின்னால். "கொ" என்று சொன்னதும் ஒற்றைக்கொம்பு மட்டும் ஓடிவந்து நின்றது. உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து, "ஏய் காலு, நீயும் போடீ, ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் கொ" என்று துணைக்காலின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "கோ" என்றபோது ஒற்றைக்கொம்பு விலகி இரட்டைக்கொம்புக்கு இடம் விட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒன்று கவனியுங்கள். அட்டை மாட்டியவர்கள் பார்க்கிறவர்களுக்கு முதுகு காட்டி நின்றால்தான் இடம் வலம் அவர்களுக்கும் சரியாக வரும். அட்டையை முதுகுப் பக்கம் தொங்க விடுங்கள். முதல் நாள் முகம் காட்டி நிறுத்திவிட்டேன், அவர்கள் பக்கத்திலிருந்து எல்லாம் தலைகீழாகிப் போயிற்று.

நான்காம் வகுப்பு ஆசிரியர், நகர்ப்புற உதவிபெறும் பள்ளி

எங்கள் நிலைமை வேறு. 42 பேர், பெஞ்சு போட்ட அறை, மாடி. குதித்தால் கீழ் வகுப்பில் பாடம் நின்றுவிடும். ஒருமுறை சத்தம் அதிகமாகி எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். அதற்காக விட்டுவிட முடியவில்லை. பத்து மணிக்கு மேல் அந்தப் பிள்ளைகள் பெஞ்சில் நெளிவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

நான் செய்வது ஓட்டம் இல்லாத அசைவு. ஒரு வாக்கியம் சொல்வேன். சரி என்றால் எழுந்து நிற்க வேண்டும், தவறு என்றால் உட்கார்ந்தே இருக்க வேண்டும். "வௌவால் முட்டையிடும்" மாதிரி. முதல் வாரம் எல்லாரும் சரியாகச் செய்தார்கள். எனக்கு ஒரே மகிழ்ச்சி. அப்புறம்தான் பார்த்தேன், முன் பெஞ்சில் நன்றாகப் படிக்கிற இரண்டு பேர் எழுந்தால் அலை மாதிரி கடைசி பெஞ்சு வரை எழுகிறது.

கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொன்னேன். வௌவாலுக்குப் பாதி வகுப்பு எழுந்து நின்றது. பறக்கிறதே, அதனால் முட்டையிடும் என்று அவர்கள் எண்ணம். அன்று நடத்த நினைத்திருந்த பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, குட்டி போட்டுப் பால் கொடுக்கிற வௌவாலைப் பற்றித்தான் பேசினோம். தேர்வுத்தாள் திருத்தி ஒரு மாதம் கழித்துத் தெரியவேண்டியது அரை நிமிடத்தில் தெரிந்தது.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், சென்னை

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் அவரவர் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது நான் பணியில் இருந்தேன். 2007-08-இல்தான் அது மாநிலம் முழுவதும் போனது. கற்கவேண்டியதைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படியும் அட்டைகளும் பலருக்கு நினைவிருக்கும். என் மனதில் நிற்பது வேறு. குழந்தை தானே எழுந்து போய் ராக்கிலிருந்து தன் அட்டையை எடுத்து வந்தது. அதற்கு முன்பு தண்ணீர் குடிக்கவும் ஒன்றுக்குப் போகவும் தவிர வகுப்பில் எழுந்திருக்க அனுமதியே கிடையாது. சுவரின் அடியில் போட்ட கரும்பலகையில் அவரவருக்கு ஓர் இடம் இருந்தது. நாங்களும் பாயில் உட்கார்ந்தோம்.

அதில் குறைகள் உண்டு. ஏணியில் யார் எந்தப் படி என்று பதிவு செய்வதிலேயே நேரம் போயிற்று. ஆனால் நடக்க அனுமதி பெற்ற குழந்தையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் எந்த வகுப்புக்குப் போனாலும் முதலில் பார்ப்பது அதைத்தான். இங்கே ஒரு பிள்ளை கேட்காமல் எழுந்து போய் ஒரு பொருளை எடுக்கலாமா?

தரம் 3 ஆசிரியை, யாழ்ப்பாணம்

எங்களிடம் 1999இல் தரம் 1இலிருந்து வந்த சீர்திருத்தத்திலேயே இது இருக்கிறது. தரம் 1, 2இல் விளையாட்டுக்கு முதலிடம். 3, 4இல் விளையாட்டு, செயற்பாடு, மேசையிலிருந்து செய்யும் வேலை மூன்றும் ஏறக்குறையச் சமம். தரம் 5இல் மேசை வேலை கூட. ஏட்டில் அப்படித்தான். நடப்பில் தரம் 3 தொடங்கினவுடனேயே பெற்றோருக்குத் தரம் 5இல் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சை கண்ணுக்குள் வந்து நின்றுவிடும்.

ஒரு தாய் நேரே வந்து கேட்டார்: "ரீச்சர், பிள்ளை விளையாடவோ பள்ளிக்கூடம் வருது?" அவரை அன்று ஒரு பாடவேளை இருந்து பார்க்கச் சொன்னேன். வகுப்பின் நாலு மூலையிலும் நாலு கடை. கடதாசியில் வெட்டின காசு. அவருடைய மகன் மரக்கறிக் கடைக்காரன். 65 ரூபாவுக்குச் சாமான், வந்த பிள்ளை 100 ரூபாத் தாளை நீட்டியது. அவன் கழித்துப் பார்க்கவில்லை. "அறுபத்தஞ்சு" என்று சொல்லிக்கொண்டு ஐந்து ரூபாவை வைத்தான், "எழுபது". பிறகு மூன்று பத்து ரூபா, "எண்பது, தொண்ணூறு, நூறு". தாய் ஒன்றும் பேசவில்லை. போகும்போது, "வீட்டில கொப்பியில இந்தக் கணக்குக்கு அழுதவன்" என்று மட்டும் சொன்னார்.

சிறப்பாசிரியர், வட்டார வள மையம்

எல்லாம் படித்தேன். நான் போகும் ஒரு பள்ளியில் மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமி, சக்கர நாற்காலியில் வருவாள். ஓட்ட விளையாட்டு வந்தால் விசிலைக் கையில் கொடுத்து நடுவராக வைப்போம். நல்லது செய்கிறோம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம், நானும். ஒரு நாள் விசிலை என்னிடம் திருப்பித் தந்து, "நான் ஒரு தடவையாவது தோக்கணும் சார்" என்றாள்.

அன்றைக்கே ஆட்டத்தை மாற்றினோம். எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள், அவளையும் சுவரில் சாய்த்து உட்கார வைத்தோம். பந்தை உருட்டுகிறவர் ஓர் எண் சொல்ல வேண்டும், வாங்குகிறவர் அதன் இரட்டிப்பைச் சொல்லி உருட்ட வேண்டும். பந்தைத் தள்ள அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது, அந்த நேரத்தில் மற்றவர்கள் மனதில் கணக்குப் போட்டுக்கொண்டார்கள். 17-க்கு 32 என்று சொல்லித் தோற்றாள். கைதட்டிக்கொண்டே தோற்றாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தப்புச் சொன்னால் "அவுட்" என்று வெளியே உட்கார வைக்கிற ஆட்டங்கள் வகுப்பறைக்கு வேண்டாம். யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைதான் முதலில் அவுட் ஆகி, அதிக நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், மதுரை மாவட்டம்

அக்கா, நான் ஆசிரியர் இல்லை. 2021 கடைசியில் திட்டம் தொடங்கியபோது தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் சொல்லிக் கொடுக்கச் சேர்ந்தேன். பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த நேரத்துக்குப் பிறகு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே ஐந்தாம் வாய்ப்பாடு தெரியவில்லை. எங்கள் அப்பத்தா பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கித் தந்தது. 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை. போட்டு முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்றேன். ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்த ஒரு பையன் பாதியில் நிறுத்தி, குழி குழியாகத் தாவினான்: அஞ்சு, பத்து, பதினஞ்சு. 70-இல் வந்து நின்றான்.

ஒரே பலகைதான் இருந்தது என்பதால் மற்றவர்களுக்கு மண்ணில் குழி தோண்டினோம். அங்கேதான் அதிகக் கூட்டம்.

மீண்டும் தருமபுரி ஆசிரியை

எல்லாருக்கும் நன்றி. சார் "அவுட்" பற்றி எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் வார்த்தை விளையாட்டையும் மாற்றிவிட்டேன். தப்புச் சொன்னால் வெளியே போக வேண்டாம், வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அதே வார்த்தையைத் திரும்ப முயலலாம்.

பாடம் முடியாமல் போகாதா, பிள்ளைகளை எப்படி அடக்குகிறீர்கள் என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள். நான் ஒரு தடவைக்கு எட்டுப் பத்து நிமிடத்துக்கு மேல் போவதில்லை. நிறுத்துவதற்கு ஒரு கைதட்டு வைத்திருக்கிறேன்: மெதுவாக இரண்டு, வேகமாக மூன்று. கேட்டவர்கள் அதே மாதிரி தட்டிவிட்டு இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். இதை விளையாட்டு தொடங்குவதற்கு முன்னால் இரண்டு நாள் தனியாகப் பழக்கினேன். பழக்காமல் தொடங்கினால் தொண்டைதான் போகும்.

தரையிலிருந்து நோட்டுக்கு எப்படி வருவது என்பதுதான் என் கவலையாக இருந்தது. குதித்தால் வருகிறது, எழுதினால் வருமா? அந்தப் பையன் அதற்கு ஒரு வழி பண்ணிக்கொண்டான். சிலேட்டில் கோடு போட்டு எண்களை எழுதி, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இரண்டு கால் மாதிரி வைத்து நடந்தான். 15-இல் விரல்கள் அசையாமல் நின்றன, வாயும் மூடியிருந்தது. 14-இல்தான் உதடு அசைந்தது. 6 போனது, 9 வந்தது. இரண்டு வாரத்தில் கோடு போடுவது நின்றது, விரல் மட்டும் பலகையில் நடந்தது. இப்போது அதுவும் இல்லை.

இனி மழைக்காலம். சாரலில் தினமும் சாக்பீஸ் கோடு அழிந்துவிடுகிறது. பெயிண்ட் அடிக்கத் தலைமை ஆசிரியர் சம்மதித்துவிட்டார். முதல் வகுப்புப் பிள்ளை இரண்டு காலும் சேர்த்துத் தாவி அடுத்த கட்டத்தின் நடுவில் நிற்க ஓர் அடி அகலம் போதுகிறது, அளந்து பார்த்தேன். தாழ்வாரம் 24 அடி, 0 முதல் 20 வரை போட இடம் இருக்கிறது. சிமெண்ட் தரையில் வழுக்காத பெயிண்ட் எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், சனிக்கிழமை அடிக்க வேண்டும்.