திங்கட்கிழமை மட்டும் திறக்காத கணினி

அம்பாசமுத்திரத்தில் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகம். அங்கே வேலை பார்க்கும் பெண் ஒருநாள் போனில் கூப்பிட்டார். "அண்ணாச்சி, எங்க கம்ப்யூட்டர்ல திங்கக்கெழம மட்டும் எந்த வெப்சைட்டும் தொறக்க மாட்டேங்கு. மத்த நாளெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

எனக்கு முன்னால் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு பேருமே வைரஸ் என்று சொல்லி பார்மட் அடித்திருக்கிறார்கள். முதல் பார்மட்டிலேயே டெஸ்க்டாப்பில் கிடந்த மாதிரிப் பத்திரங்கள் போய்விட்டன. பாகப்பிரிவினை, செட்டில்மென்ட், பவர் பத்திரம் என்று ஆறேழு வருடம் சேர்த்து வைத்தவை. அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் அதே கதை.

நான் கேட்டது ஒன்றுதான். சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பும்போது என்ன செய்வீர்கள்?

"ஷட்டவுன் பண்ணிட்டு மெயின ஆஃப் பண்ணிருவோம் அண்ணாச்சி. மத்த நாள்ல ஷட்டவுன் மட்டுந்தான்."

விஷயம் அவ்வளவுதான். கணினிக்குள் எல்லா பாகங்களும் இணையும் பெரிய பலகையான மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். கணினியின் கடிகாரம் ஓட அது வேண்டும். ஆனால் பிளக்கில் கரண்ட் இருக்கும் வரை, ஷட்டவுன் செய்த பிறகும் பவர் சப்ளை கொஞ்சம் மின்சாரத்தை போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரி செத்துப் போயிருந்தாலும் கடிகாரம் அதிலேயே ஓடிவிடும். மெயினை அணைத்தால்தான் குட்டு வெளிப்படும். ஞாயிறு முழுக்க கரண்ட் இல்லாமல் கிடந்த கணினி, திங்கள் காலையில் எழும்போது போர்டு செய்த வருடத்துக்கே போய் நிற்கும். வெப்சைட்டுகள் தங்கள் சான்றிதழைக் காட்டும்போது அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். பிரவுசர் அதைக் கணினியின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது பாதுகாப்பானது இல்லை என்று கதவைச் சாத்திவிடும். தேதியைச் சரிசெய்துவிட்டால் அடுத்து மெயினை அணைக்கும் வரை தொல்லை இல்லை. பார்மட் அடித்தவர்கள் கையோடு தேதியையும் சரிசெய்திருப்பார்கள். அதனால் பார்மட்டால்தான் சரியானது போலத் தோன்றியிருக்கிறது.

பேட்டரி ஐம்பது ரூபாய்கூட இல்லை. போன பத்திரங்கள் போனவைதான். 'மட்டும்' என்று அந்தப் பெண் முதல் போனிலேயே சொல்லியிருந்தார், அந்த இரண்டு பேரிடமும் சொல்லியிருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாளையங்கோட்டையில் இருபது வருடமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். ஞாயிறு சாயங்காலம் வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு டீக்கடையில் இதே தொழிலில் இருக்கும் நாலைந்து பேர் கூடுவோம். வள்ளியூரில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், கல்லூரி ஒன்றில் லேப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சி ஒருவர், சென்னைக் கம்பெனிக்குத் தென்காசிப் பக்கம் சொந்த ஊரில் இருந்தே வேலை செய்பவர் ஒருவர். இந்தப் பேட்டரிக் கதையை நான் சொன்னதும் ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஆரம்பித்துவிட்டார்கள்.

வள்ளியூர் தம்பிக்கு வந்தது ஒரு ரைஸ்மில் கணினி. "காத்துக்காலம் வந்தா பத்து நிமிஷத்துல அணைஞ்சிருது" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று பணகுடி, வள்ளியூர் எல்லாம் செம்மண்ணை அள்ளிக்கொண்டு வரும். காற்றாலைகள் அங்கே வரிசையாக நிற்பது சும்மா இல்லை. பிராசசரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் அந்த மண்ணும் உமித் தூசியும் சேர்ந்து மெத்தை மாதிரி அடைத்திருக்கிறது. பிராசசர் சூடு தாங்காமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துகொள்கிறது. சுத்தம் செய்து, பிராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே தடவும், காய்ந்து போன பேஸ்ட்டை மாற்றியதும் ஓடிவிட்டது. புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதை அவர் தன் கடைப் பையன்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வாராம். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

தென்காசிக்காரர் தன் வீட்டுக் கதையையே சொன்னார். மதியம் ஒன்றரை மணி மீட்டிங் மட்டும் அறுந்து அறுந்து வரும். ரௌட்டரை மாற்றிப் பார்த்தார், பைபர்க்காரரைக் கூப்பிட்டுப் பார்த்தார். கடைசியில் அவர் மனைவிதான், "நான் சாப்பாடு சூடு பண்ணும்போதுதான் நீங்க கத்துதீய" என்று சொல்லியிருக்கிறார். மைக்ரோவேவ் அடுப்பும் பழைய வைஃபையும் கிட்டத்தட்ட ஒரே அலைவரிசை, 2.4 கிகாஹெர்ட்ஸ். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் சரி.

கல்லூரி அண்ணாச்சி சொன்னது கொஞ்சம் வேறு மாதிரி. 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பிழை காட்டும் நீலத்திரையில் நின்றன. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு அவருடைய ஆபீஸ் கணினி ஒன்றும் நீலத்திரை காட்டியிருக்கிறது. "டிவியில சொல்லுதாங்கல்ல, அதுதான் நமக்கும் வந்துட்டு" என்று எல்லோரும் ஒரே முடிவாக இருந்திருக்கிறார்கள். அந்த மென்பொருள் அந்தக் கல்லூரியில் எந்தக் கணினியிலும் கிடையாது. அவர் போய், கடைசியாக இதை யார் தொட்டது என்று கேட்டிருக்கிறார். முந்தின நாள் மேஜையை ஜன்னலோரம் நகர்த்தியிருக்கிறார்கள். நினைவகச் சில்லுகள் உள்ள சிறு பலகையான ரேம் ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. கழற்றி, தங்கப்பூச்சுக் கம்பிகளை ரப்பரால் மெதுவாகத் துடைத்து அழுத்தி மாட்டியதும் எழுந்துவிட்டது.

இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். வருகிறவர்கள் வைரஸ், ஹேக், டிவியில் சொன்னது என்று பெயர் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். அந்தப் பெயரை ஓரமாக வைத்துவிட்டு, எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டால், அவர்கள் வாயிலிருந்தே எல்லாம் வந்துவிடும். கேட்கத்தான் நமக்குப் பொறுமை வேண்டும். ஒரு நாளில் பத்து அழைப்பு இருந்தால் அந்தப் பொறுமை எங்கிருந்து வரும் என்று வள்ளியூர் தம்பி கேட்டார். அதுவும் நியாயம்தான். ஆனாலும் பார்மட்டுக்கு ஆகும் இரண்டு மணி நேரத்தைவிட நாலு கேள்விக்குக் குறைவான நேரம்தான் ஆகும்.

வெள்ளம் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி கரை மீறி வந்து திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட் முங்கியது. தண்ணீர் வடிந்ததும் ஒரு வாரத்தில் முப்பதுக்கு மேல் கணினிகள் என்னிடம் வந்தன. ஒவ்வொன்றையும் திறந்தால் ஆற்று வண்டல். எல்லோரிடமும் நான் முதலில் கேட்டது, "ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" என்பதுதான். பெரும்பாலானவர்கள் வெயிலில் ஒருநாள் காயவைத்து, ஆசையில் பட்டனை அழுத்தியிருந்தார்கள். உள்ளே ஈரம் இருந்தால் அந்த ஒரு அழுத்தத்தில் போர்டு போய்விடும்.

சிந்துபூந்துறையில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஆச்சி ஒருவர் மட்டும் சொன்னார், "இல்ல தம்பி, எனக்குப் பயமா இருந்துச்சு. அப்படியே சாக்குல கெட்டி வச்சிட்டேன்." அதில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக ஃபைல்களைச் சேமிக்க எஸ்எஸ்டி இருந்தது. சுற்றும் தட்டு கிடையாது, சிப்புகள் மட்டும்தான். நல்ல தண்ணீரில் கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, இரண்டு நாள் காயவைத்து வேறு கணினியில் மாட்டினேன். கடன் பாக்கிக் கணக்கு முழுதும் வந்துவிட்டது. ஆச்சி அந்தக் கணக்கைத் திரையில் பார்த்ததும் அழுதுவிட்டார்கள். அதில் பாதி ஆட்களின் வீடும் அந்த வெள்ளத்தில் போயிருந்தது. வசூலிக்கிற எண்ணம் அவர்களுக்கு அப்போது இல்லை. யாருக்கு என்ன தேவைப்படும் என்று பார்க்கத்தான் கேட்டேன் என்றார்கள்.

பழைய ஹார்டு டிஸ்க்குகள் விஷயத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. காற்று போய்வர அதில் ஒரு சிறு துளை இருக்கும், அதன் வழியே சேற்றுத் தண்ணீர் இறங்கிவிடும். தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான், ஒரு துகள் போதும். அப்படி நனைந்ததைக் காயவைக்கவும் கூடாது, மாட்டிப் பார்க்கவும் கூடாது. ஈரத்தோடு பையில் கட்டி, சுத்த அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு ஸ்டூடியோக்காரரின் பத்து வருடக் கல்யாண ஆல்பங்கள் அப்படித்தான் போயின, அவர் ஆன் பண்ணிப் பார்த்திருந்தார். அவர் முகம் எனக்கு மறக்காது.

அப்புறம் சேரன்மகாதேவி வாத்தியார் ஐயா. ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நடவு வயலில் பெண்கள் பாடும் பாட்டுகளை ஊர் ஊராகப் போய்க் கேட்டு, 2004 வாக்கில் கணினியில் தட்டச்சு செய்து கொடுக்கும் ஒரு டிடிபி சென்டரில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அடிக்க வைத்திருக்கிறார். முந்நூறு பக்கத்துக்கு மேல். அச்சடித்து வைத்த பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. சிடியில் இருந்ததைப் பேரன் புது லேப்டாப்பில் ஏற்றித் திறந்து பார்த்துவிட்டு, "கரப்ட் ஆயிட்டு தாத்தா, அழிச்சிரட்டுமா?" என்று கேட்டிருக்கிறான். அதற்கு முன் என்னிடம் ஒருதடவை கேட்டுவிடலாம் என்று ஐயா போன் செய்தார்.

"தம்பி, ஃபைல் தொறக்குது. ஆனா தமிழும் இல்ல, இங்கிலீஷும் இல்ல."

"முதல் வார்த்தைய எழுத்தெழுத்தா வாசிங்க ஐயா."

"ஜே... கே... பி... ஓ... பக்கத்துல ஒரு அரைப்புள்ளி."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. டிடிபி வேலையில் கொஞ்ச நாள் இருந்த யாருக்கும் அது தெரியும். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே இருப்பது அந்த நாலு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். எந்தக் கணினியிலும் எழுத்து ஒரே மாதிரி தெரிய வைக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. ஆனால் நம் பக்கத்து டிடிபி சென்டர்களில் வெகுகாலம் பாமினியும் அதுபோன்ற பழைய எழுத்துருக்களும்தான். எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும், இல்லாத கணினியில் கிறுக்கலாகத் தெரியும். ஃபைலுக்கு ஒரு குறையும் இல்லை.

"ஐயா, பேரன்ட்ட சொல்லுங்க, ஒண்ணையும் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே பஸ் ஏறினேன். முதலில் சிடியை இரண்டு பென்டிரைவில் பிரதி எடுத்தேன். பாமினியைப் போட்டதும் திரையில் தமிழ் வந்தது. ஐயா எழுந்து நின்று முதல் பாட்டைச் சத்தமாக வாசித்தார், பேரன் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் யூனிகோடுக்கு மாற்றினோம். அதில் சில சங்கடங்கள் வரும். இடையிடையே உண்மையாகவே ஆங்கிலத்தில் அடித்த ஊர்ப்பெயர்களும் குறிப்புகளும் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாக மாறிவிடும். அவற்றை ஆள் உட்கார்ந்துதான் திருத்த வேண்டும்.

ஐயா தினமும் காலையில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து திருத்துகிறார். எழுபத்தெட்டு வயதில் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொண்டார். போன வாரம் பேசும்போது ஒரு பாட்டில் ஒரு சொல் மட்டும் விளங்கவில்லை என்றார். அடித்தவர் அன்றைக்கே தப்பாக அடித்தாரா, மாற்றியதில் போயிற்றா என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. பாடிய அம்மா இறந்து பல வருடம் ஆகிறது. ஐயா ஆட்டோ பிடித்து வீரவநல்லூர் போய், அந்த அம்மாவின் மகளைத் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டிருக்கிறார். அவருக்கு அந்த ஒரு வரி மட்டும் தனியாக நினைவுக்கு வரவில்லையாம். முதலிலிருந்து பாட ஆரம்பித்ததும் அந்த இடத்தில் சொல் தானாக வந்து விழுந்திருக்கிறது.

இன்னும் நாற்பது பக்கம் பாக்கி இருக்கிறது.