ஸ்பேம் ஃபோல்டரில் மெயிலே இல்லை, ஆனால் எண் மட்டும் நிற்கிறதா? எனக்கு நடந்தது

வீட்டிலிருந்தே சில கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். லேப்டாப்பில் போட்டிருக்கும் மெயில் புரோகிராமில் ஸ்பேம் ஃபோல்டருக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் 4 என்று பல மாதமாக நின்றது. திறந்தால் ஒன்றும் இருக்காது. மூடித் திறந்தேன், எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துப் பார்த்தேன், 4 அசையவில்லை. சரி, எண்தானே, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அது எவ்வளவு பெரிய தப்பு என்று போன மாதம் தெரிந்தது. ஜிஎஸ்டிஆர்-1 (மாத விற்பனைக் கணக்கு) தாக்கலுக்கு 11ஆம் தேதி கடைசி. அன்று சாயங்காலம் ஒரு கடைக்காரர் போன் செய்து, "பில் எல்லாம் 9ஆம் தேதியே அனுப்பிட்டேனேம்மா, பார்க்கலையா?" என்றார். இன்பாக்ஸில் இல்லை. ஸ்பேமைப் பார்த்தால் 4 என்பது 5 ஆகியிருந்தது. இரண்டு நாளாக அது 5 என்றுதான் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது, அந்த எண்ணை நம்புவதையே நான் எப்போதோ விட்டுவிட்டதால் கண்ணில் படவில்லை. தாக்கல் முடிக்க இரவு பதினொன்றாகிவிட்டது.

மறுநாள் காரணம் தேடி உட்கார்ந்தேன். முதலில் பிரவுசரில் அதே அக்கவுண்டைத் திறந்தேன், அங்கே ஸ்பேமில் படிக்காத மெயில் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் கோளாறு சர்வரில் இல்லை, லேப்டாப்பில். (யாராக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள், பாதி நேரம் மிச்சமாகும்.) புரோகிராம் ஒவ்வொரு தடவையும் மெயில்களை எண்ணிப் பார்த்து எண் போடுவதில்லை, ஃபோல்டருக்கு ஒரு இன்டெக்ஸ், அதாவது உள்ளே இருக்கும் மெயில்களின் பட்டியல், வைத்துக்கொண்டு அதிலிருந்து எடுத்துப் போடுகிறது. ஜிமெயில் மாதிரி சேவைகளில் ஸ்பேமில் 30 நாள் கிடந்த மெயில் தானாக அழிந்துவிடும். அங்கே அழிந்தது இங்கே இன்டெக்ஸில் கழியாவிட்டால் எண் அப்படியே நிற்கும். சரக்கு வெளியே போய்விட்டது, ஸ்டாக் நோட்டில் கழிக்கவில்லை, அதே கதைதான். ஃபோல்டர் ப்ராப்பர்ட்டீஸில் ரிப்பேர் கொடுத்ததும் இன்டெக்ஸைப் புதிதாகக் கட்டியது, 4 போய்விட்டது.

ஒரு வாரத்தில் 2 என்று வந்து நின்றது. இந்தத் தடவை பிரவுசரிலும் அந்த இரண்டு மெயில் இருந்தன, லேப்டாப்பில் மட்டும் தெரியவில்லை. ஐமேப்பில் (மெயிலை சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை) அழிப்பது இரண்டு கட்டம்: முதலில் 'அழிக்கப்பட்டது' என்று ஒரு குறி, அப்புறம்தான் நிஜமாக நீக்குவது. நடுவில் அந்த மெயில் சர்வரிலேயே இருக்கும், எண்ணிக்கையிலும் சேரும். என் செட்டிங்கில் குறி மட்டும் போட்டு மறைத்துவைக்கும்படி இருந்தது. ஃபோல்டரை காம்பாக்ட் செய்ததும், அதாவது குறி போட்டதை நிஜமாக நீக்கச் சொன்னதும், சரியானது. அழித்தால் ட்ராஷுக்குப் போகும்படி செட்டிங்கையும் மாற்றிவிட்டேன்.

•

அக்கா, உங்கள் பதிவைப் பார்த்தேன். என் அப்பாவின் அவுட்லுக்கிலும் ஜங்க் (ஸ்பேம்தான்) பக்கத்தில் 38 என்று இருந்தது, எல்லாம் படித்த மெயில்தான், ஏன் குறையவில்லை என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் கோளாறே இல்லை. சதுர அடைப்புக்குள் எண் இருந்தால் அது மொத்த மெயில், வளைந்த அடைப்புக்குள் இருந்தால்தான் படிக்காதது. ஜங்க்குக்கும் டிராஃப்ட்ஸுக்கும் முதலிலேயே மொத்தம் காட்டும்படிதான் வைத்திருக்கிறார்கள். ப்ராப்பர்ட்டீஸில் மாற்றிக்கொள்ளலாம்.

•

இன்டெக்ஸைக் கையால் அழிக்க நினைப்பவர்கள் தயவுசெய்து கவனம். தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராமில் பொதுவாக ஜங்க் என்று ஒரு ஃபைல், ஜங்க்.எம்எஸ்எஃப் என்று ஒரு ஃபைல், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எம்எஸ்எஃப் என்று முடிவதுதான் இன்டெக்ஸ், புரோகிராமை மூடிவிட்டு அதை அழிக்கலாம், திரும்பத் திறந்தால் தானே கட்டிக்கொள்ளும். மற்றது மெயில்களேதான். பாப் அக்கவுண்டில் (மெயிலை வழக்கமாகக் கம்ப்யூட்டருக்கே இறக்கிக்கொள்ளும் முறை) இன்பாக்ஸின் அந்த ஃபைலை அழித்துவிட்டு மூன்று வருட மெயிலை இழந்து நின்ற நண்பனை நேரில் பார்த்தவன் சொல்கிறேன்.

•

தம்பி சொன்ன அடைப்பு விஷயம் எனக்குப் புதுசு, நன்றி. இன்று காலை ஸ்பேமில் 1 என்று வந்தது. திறந்தேன், உள்ளே ஒரு மெயில் இருந்தது. லோன் விளம்பரம். அழித்தேன், எண்ணும் போய்விட்டது.