கண்ணுக்குள் நிற்காதவர்கள்

எங்கள் 'புளியரை வீடு' குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மார்கழிக் காலையில் நடந்த பேச்சு இது. காலை வணக்கப் படங்களையும் ஐயப்பன் வண்டி நெரிசல் வீடியோக்களையும் எடுத்துவிட்டேன். ஆச்சி தட்டச்சு செய்யமாட்டாள், எல்லாம் குரல் பதிவுதான்.

புனலூர் அத்தை: (படம்) இன்று மீனா போட்டது. 15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை. நோட்டைப் பார்க்கவே இல்லை. போன தடவை அம்மா போட்டதை ஒரு முறை பார்த்ததோடு சரி.

அம்மா: அழகு மதினி. இங்கேயும் ஒருத்தி இருக்கிறாள். ஆறு நாளாக அத்தை சொல்லிக் கொடுக்கிறார்கள், நாலாவது வரிசைக்கு மேல் கை நகரவில்லை. போனில் மட்டும் நன்றாக நகரும்.

செல்வி: இதைக் குழுவில் போடணுமா அம்மா?

ஆச்சி: ஏட்டி, இதில் என்ன கஷ்டம்? கண்ணை மூடு. கோலம் முழுசாக வந்து நிற்கும். அதன் மேலேயே கையைக் கொண்டு போக வேண்டியதுதானே?

செல்வி: எனக்கு எதுவும் வந்து நிற்கவில்லை ஆச்சி. இருட்டுதான்.

அம்மா: கவனம் இருந்தால் நிற்கும்.

செல்வி: உங்களுக்கெல்லாம் நிஜமாகவே தெரிகிறதா? படம் மாதிரி?

மாமா: இரு செல்வி. எல்லோரும் கண்ணை மூடிக் கழுதுருட்டி பதிமூன்று கண் ரயில் பாலத்தை நினையுங்கள். என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். பாலத்தைப் பார்த்ததில்லை என்று இந்தக் குடும்பத்தில் யாரும் தப்பிக்க முடியாது.

புனலூர் அத்தை: கல் தூண், இடுக்கில் பாசி, மேலே பழைய ரயில். 2018-இல் அகலப் பாதை வந்தாச்சு, எனக்கு இன்னும் மீட்டர் கேஜ் பெட்டிதான் வருகிறது.

அம்மா: கலங்கலாகத் தெரிகிறது. வளைவை எண்ணப் போனால் கலைந்துவிடுகிறது.

நான்: எனக்குப் பளிச்சென்று, கீழே நிற்கிற பஸ்ஸோடு.

ஆச்சி: உங்கள் தாத்தா ஜன்னல் பக்கம் துண்டைப் போட்டு இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். வெற்றிலைச் செல்லம் மடியில்.

செல்வி: பதிமூன்று வளைவு, கல், பக்கத்தில் ரோடு. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பார்க்க ஒன்றும் இல்லை.

லாரி சித்தப்பா: எனக்கும் ஒன்றும் இல்லையே.

லாரி சித்தப்பா: அத்தான், விளையாடாதீர்கள். எல்லோரும் நிஜமாகவே பார்க்கிறீர்களா?

மாமா: அவரவர் அளவுக்குப் பார்க்கிறோம் மாப்பிள்ளை. 1880-இல் இங்கிலாந்தில் கால்டன் என்பவர் இதைத்தான் கேட்டார், காலையில் சாப்பிட்ட மேசையை மனதில் கொண்டுவந்து சொல்லுங்கள் என்று. விஞ்ஞானிகள் பலர், 'அப்படி ஒன்று உண்டா? அது சும்மா பேச்சுக்குச் சொல்வது என்றல்லவா நினைத்தோம்' என்றார்களாம். அப்புறம் ரொம்ப காலம் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2015-இல்தான் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஸீமன் மனதில் படம் வராமல் இருப்பதற்கு அஃபேன்டேசியா என்று பெயர் வைத்தார். நூற்றுக்கு ஒன்றிலிருந்து நான்கு பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள்.

புனலூர் அத்தை: ஐயோ, டாக்டரிடம் காட்டணுமா?

மாமா: நோய் இல்லை. கார்ட்டூன் படம் எடுக்கிற பிக்ஸார் கம்பெனியை நடத்திய எட் கேட்மல் இருக்கிறாரே, அவருக்கும் மனதில் படம் வராது.

அம்மா: படம் எடுக்கிறவருக்கே வராதா!

(பத்து நிமிடம் யாரும் எதுவும் போடவில்லை. எங்கள் குழுவில் இது அபூர்வம்.)

லாரி சித்தப்பா: காய்கறி லோடோடு ஆரியங்காவில் நிற்கிறேன், டீ குடித்துக்கொண்டே எழுதுகிறேன். அப்பா போன பிறகு அக்கா, 'அப்பா முகம் கண்ணுக்குள்ளேயே நிற்குதே' என்று அழும். எனக்கு நின்றதே இல்லை. அப்பா என்ன சொல்வார், எப்படிச் செருமுவார், சைக்கிளை எந்தப் பக்கம் சாய்ப்பார், எல்லாம் ஞாபகம் இருக்கு. முகம் மட்டும் வராது. போட்டோவை எடுத்துப் பார்த்துக்கொள்வேன். பாசம் உள்ளவனுக்குத்தான் நிற்கும் போல, எனக்கு அது இல்லை என்று பதினோரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

புனலூர் அத்தை: தம்பி...

புனலூர் அத்தை: உன்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

லாரி சித்தப்பா: அது பரவாயில்லை அக்கா. அப்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆச்சி: ஏலே, நீ முதலில் சாப்பிட்டியா?

செல்வி: சித்தப்பா, அப்போ வண்டி எப்படி ஓட்டுகிறீர்கள்? வழி ஞாபகம்?

லாரி சித்தப்பா: அதற்கு எதற்குப் படம்? எஸ் வளைவு, கோட்டைவாசல், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை. எது எதற்கு அப்புறம், எங்கே கியரைக் குறைக்கணும் என்று தெரியும். அவ்வளவுதான்.

மாமா: ஒரு சோதனையில் மனதில் படம் வராதவர்களை ஓர் அறையின் படத்தைப் பார்க்கச் சொல்லி, பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். வரைந்த பொருள்கள் குறைவு. ஆனால் வரைந்தது இடம் மாறாமல் இருந்தது. இல்லாததைச் சேர்த்து வரைவதும் இவர்களிடம் குறைவாம்.

நான்: இப்போதே பார்த்துவிடலாம். புளியரை வீட்டு வாசலில் எத்தனை படி?

புனலூர் அத்தை: மூன்று. இதோ கண் முன்னாலேயே இருக்கிறது.

லாரி சித்தப்பா: நாலு.

அம்மா: போய்ப் பார்த்துவிட்டேன். நாலு. கீழ்ப்படி பாதி மண்ணுக்குள் கிடக்கிறது.

செல்வி: ஆச்சி, எனக்குக் கோலத்தைப் பார்த்துப் படிக்க வேண்டாம். வழி மாதிரி சொல்லுங்கள். முதல் புள்ளியைச் சுற்றி எந்தப் பக்கம் இறங்கணும், எந்தப் புள்ளியில் திரும்பணும், அப்படி.

ஆச்சி: அது... முதலில் மேல் புள்ளியைச் சுற்றி இந்தப் பக்கமாக... இல்லை, அந்தப் பக்கம்... அப்புறம் ஒரு வளைவு... ஏட்டி, கை போகிற வழி எனக்கு என்ன தெரியும்? கையைத்தான் கேட்கணும்.

மாமா: அறுபது வருஷமாகப் போடுகிறவருக்குச் சொல்ல வரவில்லை!

ஆச்சி: மாப்பிள்ளைக்குச் சிரிப்பா இருக்கா?

செல்வி: சரி ஆச்சி, நாளைக்கு நீங்கள் போடுங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து இடது, வலது என்று எழுதிக்கொள்கிறேன். அதை வைத்து அப்புறம் நான் போடுகிறேன்.

லாரி சித்தப்பா: எழுதியதை எனக்கும் அனுப்பு. உன் சித்திக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

அம்மா: ஆச்சி கோலம் போடுவது காலை ஐந்து மணிக்கு.

செல்வி: ஐந்தா? ஐந்துக்கு எழுந்திருக்க எனக்கு வராதே.

அம்மா: அதற்கும் இங்கிலாந்தில் ஏதாவது பேர் வைத்திருக்கிறார்களா என்று மாமாவிடம் கேட்டுக்கொள்.