‘எம்விபி’க்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பவர் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ஐந்தாம் அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘மினிமம் வயபிள் பிராடக்ட்’ (சுருக்கமாக ‘எம்விபி’) என்பது அந்த ஓர் அத்தியாயத்தில் மட்டும் 41 இடங்களில் வருகிறது. ‘குறைந்தபட்ச சாத்தியமான தயாரிப்பு’ என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்த அம்மையார் அதைச் சிவப்பு மையால் சுழித்து, “யாருக்குச் சாத்தியம்? எதில் குறைந்தபட்சம்?” என்று ஓரத்தில் கேட்டிருக்கிறார். அவர் கேட்டது நியாயம். ‘முடிந்த மட்டும் செய்தது’ என்றல்லவா அது ஒலிக்கிறது! ஒரே ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யும் எளிய பொருளை விரைவில் வெளியிட்டு, அதைப் பயன்படுத்துவோரிடம் பாடம் கேட்டு, அடுத்ததைக் கட்டுவதுதான் கருத்து. படங்களுக்குக் கீழும் சொல் அடங்க வேண்டும். உதவுங்கள்.

நிரலாளர்:

எங்கள் குழுவில் எல்லோரும் ‘எம்விபி’ என்றே சொல்கிறோம். தமிழில்தான் வேண்டும் என்றால் ‘முதற்பொருள்’ என்று வையுங்கள். முதலில் வெளிவரும் பொருள். சொல்லும் கேட்டுப் பழகியது.

தமிழாசிரியர்:

கேட்டுப் பழகியதுதான் தடை. “முதலெனப் படுவது நிலம்பொழு திரண்டின் இயல்பு” என்று தொல்காப்பியம் வரையறுத்துவிட்டது. முதல், கரு, உரி என்று வகுப்பறையில் ஒப்பிக்கும் பிள்ளையிடம், முதற்பொருள் என்றால் கைப்பேசிச் செயலி என்று நான் எப்படிச் சொல்வேன்?

ஆனால் ‘முதல்’ என்னும் சொல்லை விட்டுவிட மனம் வரவில்லை. தொடக்கத்துக்கும் முதல், போட்ட பணத்துக்கும் முதல். “ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடை யார்” (குறள் 463). வரப்போகும் பெரும்பயனை எண்ணிக் கைமுதலை மொத்தமாகக் கொட்டாதே என்கிறார் வள்ளுவர். உங்கள் ஐந்தாம் அத்தியாயம் சொல்வதும் இதுதானே?

நான் முன்வைப்பது ‘வெள்ளோட்டப் பொருள்’. தேருக்கும் கப்பலுக்கும் நாம் சொல்லும் சொல். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நிரலாளர்:

ஐயா, தேரை முழுக்கக் கட்டிய பிறகுதான் வெள்ளோட்டம் விடுகிறோம். மென்பொருளிலும் ஏறத்தாழ முடிந்துவிட்ட பதிப்பைத்தான் வெள்ளோட்டம் என்கிறோம். இங்கே தேரே கிடையாது. 1999-இல் நிக் சுவின்மர்ன் இணையத்தில் காலணி விற்க நினைத்தபோது கிடங்கு கட்டவில்லை, சரக்கும் வாங்கி வைக்கவில்லை. பக்கத்துக் கடைகளில் இருந்த காலணிகளைப் படமெடுத்துத் தளத்தில் போட்டார். யாராவது கேட்டால் அந்தக் கடைக்கே போய் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். ஒவ்வொரு விற்பனையிலும் நட்டம். ஆனாலும் போட்டுப் பார்க்காமலே மக்கள் காலணி வாங்குவார்களா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. ஜாப்போஸ் நிறுவனம் அப்படித்தான் தொடங்கியது. இதற்குப் பொருந்தும் சொல்லாகத் தேடுங்கள்.

அகராதிப் பணியில் இருந்தவர்:

‘வயபிள்’ என்பதில் எல்லோரும் இடறுகிறோம். வழியைக் குறிக்கும் லத்தீன் ‘வியா’விலிருந்து அது வரவில்லை. உயிரைக் குறிக்கும் பிரெஞ்சு ‘வீ’யிலிருந்து வந்தது, அதற்கு மூலம் லத்தீன் ‘வீட்டா’. பிறந்த சிசு பிழைத்து வாழத்தக்கதா என்று பார்க்கும் சொல்லாகவே அது முதலில் வழங்கியது. ஆகவே ‘சாத்தியம்’ அடிப்படையிலேயே பிழை. ‘பிழைக்கத்தக்க’ என்பதே நேர்ப்பொருள். ‘பிழை’ என்றால் நமக்குத் தவறும்தான், உயிர் தப்புவதும்தான். தவறிலிருந்து கற்றுப் பிழைத்திருக்கும் பொருளுக்கு இந்த வேர்ச்சொல் எவ்வளவு இசைவானது!

அரும்பு, மொட்டு, பிஞ்சு என்று நிலைக்கு நிலை பெயர் வைத்த மொழி நம்முடையது. அரும்பு பறித்தால் வீண். பிஞ்சோ முற்றாவிட்டாலும் உண்ணத் தகும். ‘பிஞ்சுப் பதிப்பு’ என்கிறேன்.

தமிழாசிரியர்:

பிஞ்சு அழகு. ஆனால் “பிஞ்சிலே பழுத்தது” என்ற வசை உடனே நாவில் வந்து நிற்கிறது. முதலீட்டாளர் முன் அந்தப் பெயரோடு போய் நிற்பார்களா?

தனித்தமிழ் அன்பர்:

மூன்று நாளாகப் படித்து வருகிறேன். ‘குறைந்தபட்ச’ என்பதில் பட்சம் வடமொழி. ‘தயாரிப்பு’ என்பதில் தயார் உருது வழி வந்தது. ஏன் இந்தக் கடன்? மீச்சிறு பொது மடங்கு என்று பள்ளிக் கணக்கில் படித்தவர்கள்தானே நாம்? ‘மீச்சிறு வாழ்பொருள்’ என்று எழுதுங்கள். வாழ்பொருள் வினைத்தொகை, குற்றமில்லை.

மொழிபெயர்ப்பவர்:

ஐயா, ‘மீச்சிறு வாழ்பொருள்’ என்பதை நேற்று வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். நுண்ணுயிரியா என்று கேட்டார்கள். தூய்மையில் எனக்கும் பற்று உண்டு. ஆனால் கடன் வாங்கிப் பட்டறை போட்டிருக்கும் ஒருவர், தாம் செய்ய வேண்டியது என்ன என்பதை இந்தச் சொல்லைக் கேட்டதும் உணர வேண்டும். வடசொல்லையும் தமிழ் எழுத்துக்கு இணங்க ஏற்கலாம் என்று தொல்காப்பிய எச்சவியலிலேயே இடம் இருக்கிறதே.

தனித்தமிழ் அன்பர்:

அது இடம் கொடுத்தது, படையெடுக்கச் சொல்லவில்லை. கணினி, இணையம், மென்பொருள் எல்லாம் முதல் நாளிலேயே புரிந்தனவா? புழங்கப் புழங்கப் புரிந்தன.

நிரலாளர்:

வியாழன் மாலை ஆகிவிட்டது. ‘எளிய முதல் வடிவம்’ என்று வைத்துவிடலாமா? ‘வடிவம்’ வடமொழி என்று ஒருவர் எழுதுவார் என்று தெரியும். பரவாயில்லை. ‘முதல்’ அதில் இருக்கிறது, ஆசிரியர் ஐயாவும் மகிழ்வார்.

தமிழாசிரியர்:

உடன்படுகிறேன். அகப்பொருளை யாரும் தொடாதவரை.

மொழிபெயர்ப்பவர்:

நால்வர் ஆதரவு, இருவர் மறுப்பு. ‘எளிய முதல் வடிவம்’ என்று 41 இடங்களிலும் மாற்றிவிட்டேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘எம்விபி’யையும் சேர்த்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

அகராதிப் பணியில் இருந்தவர்:

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. என் மறுப்பு மட்டும் பதிவில் இருக்கட்டும். ‘எளிய’, ‘முதல்’ இரண்டும் அளவையும் வரிசையையும் சொல்கின்றன. எதற்காகச் செய்கிறோம் என்பதைச் சொல்லவில்லை. 2001-இல் தொழில் ஆலோசகர் பிராங்க் ராபின்சன் ‘எம்விபி’ என்ற பெயரை வைத்தார். பின்னர் ‘த லீன் ஸ்டார்ட்அப்’ நூலை எழுதிய எரிக் ரீஸ் அதைப் பரப்பியபோது அழுத்தம் கொடுத்தது சிறுமைக்கு அன்று, மிகக் குறைந்த உழைப்பில் வாடிக்கையாளரைப் பற்றி மிகுதியாக அறிந்துகொள்வதற்கு. அதனால் ‘அறிபொருள்’ என்று ஒன்று நேற்றிரவு தோன்றியது. அறிந்த, அறிகின்ற, அறியும் என்று மூன்று காலமும் அதில் மறைந்து நிற்கின்றன. செய்தவன் சந்தையை அறிகிறான், சந்தை பொருளை அறிகிறது. இரண்டாம் பதிப்பு வரும்போது இதை மறுபடி எழுப்புவேன்.

தனித்தமிழ் அன்பர்:

அறிபொருளுக்கு என் வாக்கு. மீச்சிறுவை விட்டுவிட்டேன் என்று இதற்குப் பொருளில்லை.