இரண்டாம் மேல்முறையீடு: உங்கள் அனுபவம் என்ன?

பாதைவழக்கு
விசாரணை நீதிமன்றத்திலும் முதல் மேல்முறையீட்டிலும் தோற்றபின், முக்கியச் சட்ட வினா இருந்தால் மட்டுமே இரண்டாம் மேல்முறையீட்டுக்கு இடம்தரும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போனோம். எங்கள் வழக்கறிஞர், இடத்தைப் பார்வையிட நீதிமன்றம் அனுப்பிய ஆணையரின் அறிக்கையிலிருந்த பாதை அளவுகளை வாசிக்கத் தொடங்கியதும், நீதிபதி வழக்குக் கட்டைப் புரட்டுவதை நிறுத்திவிட்டு, "அதையெல்லாம் இரண்டு நீதிமன்றங்களும் பார்த்துவிட்டன, இதில் முக்கியச் சட்ட வினா எது?" என்று கேட்டார். வழக்கறிஞர் மீண்டும் அளவுகளுக்கே திரும்பினார். மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்பதா என்று பார்க்கும் அனுமதி நிலையிலேயே தள்ளுபடியாயிற்று. என் மடியிலிருந்த பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலை ஒருவரும் கேட்கவில்லை.

உயில்சாட்சி
மேலே உள்ளதைப் படிப்பவர்கள், சாட்சியத்தைப் பற்றிப் பேசினாலே உயர் நீதிமன்றம் காது கொடுக்காது என்று எண்ணிவிடக் கூடாது. சாட்சியத்தை எடைபோட்ட விதம் சரியில்லை என்பது பொருண்மை வினா, அதாவது நடந்தது என்ன என்பதைப் பற்றியது. முக்கிய ஆவணத்தைக் கண்டுகொள்ளாமலே முடிவெடுத்தார்கள் என்பது சட்ட வினாவாகலாம். எங்கள் வழக்கில் எதிர்த்தரப்பின் உயில், பதிவு செய்யப்பட்டது என்பதற்காகவே இரு நீதிமன்றங்களிலும் ஏற்கப்பட்டது. சாட்சிக் கையொப்பமிட்ட இருவரில் உயிரோடிருந்தவரைக் கூண்டில் ஏற்றவே இல்லை. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 68-ஆம் பிரிவோ அப்படி ஒருவரையாவது விசாரிக்கச் சொன்னது. அதை நீதிபதி சட்ட வினாவாகச் சொல்லச் சொல்ல, எங்கள் ஒன்பது ஆண்டு வழக்கு ஒரே வாக்கியமாகச் சுருங்கியது. "நாம சொன்னதைத்தானா எழுதுறாங்க?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நகல்மனு
மேல்முறையீடு தாக்கலாகிவிட்டது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தபோது, தீர்ப்பை நிறைவேற்ற வரும் நீதிமன்ற ஊழியரான அமீனா வாசலில் வந்து நின்றார், தடையாணை வாங்கியிருக்கவில்லை. என் அனுபவம் அவ்வளவுதான், ஆனால் கேட்காவிட்டாலும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். மேல்முறையீடு செய்வதாலேயே தீர்ப்பாணையின் நிறைவேற்றம் நின்றுவிடாது. அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆம் கட்டளையின் 5-ஆம் விதிப்படி தடையைத் தனியே கேட்க வேண்டும். மேல்முறையீடு செய்யக் காலக்கெடு உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள், மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள். நகல் கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணக் கூடாது, தீர்ப்பாணைத் தேதியிலிருந்தே எண்ண வேண்டும். சான்றிட்ட நகல் தயாராக எடுத்துக்கொண்ட நாள்கள் கழியும், நகல் மனுவே போடாமல் நீங்கள் தள்ளிப்போட்ட நாள்கள் கழியா. நகலில் குத்தியிருக்கும் முத்திரையில் விண்ணப்பித்த தேதியையும் தயாரான தேதியையும் நீங்களே பாருங்கள், குமாஸ்தா பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். தாமதமாகிவிட்டால், "உடல்நலமில்லை" என்ற ஒற்றை வரிப் பிரமாணப் பத்திரத்தை நம்பாமல் மருத்துவச் சான்றையும் இணையுங்கள். 25,000 ரூபாய்க்கு மேற்படாத பணவசூல் வழக்கென்றால் இரண்டாம் மேல்முறையீடே கிடையாது.

பாதைவழக்கு
உயில்சாட்சி அவர்களுக்கு: உங்கள் பதிவைப் படித்தபின் நேற்றிரவு இரண்டு தீர்ப்புகளையும் எடுத்துப் பார்த்தேன். அந்தப் பாகப்பிரிவினைப் பத்திரம் வாதி தரப்பு 7-ஆம் சான்றாவணம். இரண்டு தீர்ப்புகளிலும் அது கடைசிப் பக்கப் பட்டியலில் மட்டுமே இருக்கிறது. உள்ளே ஓரிடத்திலும் இல்லை.