பிடிபடாதவரை குற்றமில்லையா?

கேள்வி: கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும்போது, பள்ளிக்குத் தாமதமாகிவிடுமே என்று, மகளின் கையைப் பிடித்தபடி கம்பிக்கடியில் குனிந்து தண்டவாளத்தைக் கடந்துவிடுகிறேன். இதுவரை யாரும் பிடித்ததில்லை. ஆனாலும் மனம் உறுத்துகிறது. இது தவறுதானா?

பதில் 1: ஆம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி, அனுமதியின்றித் தண்டவாளத்தில் நுழைந்தாலே குற்றம்தான். 6 மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பிடிபட்டால்தான் குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை.

பதில் 2: அபராதம் கிடக்கட்டும், அம்மா. ஒரு ரயில் கடந்ததும் தண்டவாளத்தில் இறங்குகிறோம். அதன் இரைச்சலில், அடுத்த தடத்தில் எதிர்த்திசையில் வருவது காதில் விழுவதேயில்லை.

கேள்வி கேட்டவர்: நேற்று அவள் தனியாகவே குனிந்து கடந்தாளாம். நாளை முதல் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறோம்.